ஊரைக் கலைத்த வாக்கெடுப்பும் அப்பாவின் லைசன்ஸும்

அக்காவின் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் பிறப்புத் துடக்குக் கழித்தபோது, ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் அவள் வீட்டில் இருந்தவர்கள்: அக்கா, அத்தான், அத்தானின் அப்பாவும் அம்மாவும், எங்கள் அம்மா, நான், ஐயர். குழந்தையும் இருந்தாள், நித்திரையில். இல்லாதவர் அப்பா ஒருவர்தான்.

அப்பா அன்று கனடாவின் மேற்கே அல்பேட்டா மாகாணத்தில் இருந்தார். கோதுமை வயல்களுக்கு நடுவே, வாக்காளர்கள் நூறு பேர்கூட இல்லாத ஒரு கிராமத்தில், அவரும் அம்மாவும் ஏழு வருடமாக நடத்திவந்த கடையில். கீழே பலசரக்கும் கோப்பி மெஷினும், முன்னால் இரண்டு பெற்றோல் பம்ப், மேல்மாடியில் அவர்கள் இருக்கிற இரண்டு அறை. அந்தக் கிராமம் தொடர்ந்து கிராமமாக இருப்பதா, இல்லை தன்னைத்தானே கலைத்துக்கொண்டு சுற்றியிருக்கிற கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்துக்குள் போய்விடுவதா என்று அன்றைக்குத்தான் வாக்கெடுப்பு. முதல் பேத்தியின் முப்பத்தொன்றை விட்டுவிட்டு அப்பா வாக்குப் போட அங்கே நின்றார். நிற்கச் சொன்னவன் நான்.

"சம்மந்தி வரேல்லையோ?" என்று அத்தானின் அம்மா கேட்டார். இரண்டு கிழமைக்கு முன்னரே அத்தான் எல்லாம் சொல்லியிருந்தார். இருந்தும் கேட்டார்.

"அவருக்கு அங்கை வோட்டு, மாமி."

"என்ன வோட்டு? பிரதமர் எலக்சனோ?"

"இல்லை. ஊரைக் கலைக்கிறதோ வேண்டாமோ எண்டு."

அத்தானின் அப்பா மோதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "எங்கடை ஊரைக் கலைக்கேக்கை ஒருத்தரும் எங்களட்டை வோட்டுக் கேக்கேல்லைத் தம்பி. குண்டு போட்டாங்கள், நாங்கள் ஓடினனாங்கள். உவங்கள் நல்ல மரியாதையான ஆக்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, நானும் இல்லை. அந்த வாக்கெடுப்பில் அம்மா எப்போது ரொறன்ரோவுக்கு ஒரேயடியாகத் திரும்பி வருவார் என்பதும் சேர்ந்தே கிடந்தது.

எங்கள் வீட்டில் முழுதாகப் படித்தவன் நான் ஒருவன். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா அதற்கும் குறைவு. கனடாவுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து. ஆங்கிலம் பிடிபட முதலே அவள் பள்ளிக்கூடத்தை விட்டு பாண் சுடுகிற தொழிற்சாலைக்குப் போனாள். நான் கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்தேன். அதனால் பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டுக்கு வருகிற கடிதம், ஃபோர்ம், பில் எல்லாம் என் பொறுப்பு. அப்பா கடிதத்தைக் கையில் வாங்கியதும் உறையைக்கூடத் திறக்கமாட்டார். "தம்பி பாப்பான்" என்று குளிர்சாதனப்பெட்டிக்கு மேலே வைத்துவிடுவார். தம்பி பார்ப்பான் என்ற அந்த நம்பிக்கை ஒரு பெருமையாகத்தான் எனக்கு இருந்தது. இப்போது யோசித்தால், அதில்தான் முதல் பிழை இருக்கிறது என்று படுகிறது.

அப்பா ரொறன்ரோவில் பத்து வருடம் ட்ரக் ஓடினார். முதுகு போனது. சிநேகிதர் ஒருவர் அல்பேட்டாவில் தன் கடையை விற்கப் போகிறேன் என்றதும், சேமிப்பை எல்லாம் போட்டு வாங்கினார். "ஒரு மூண்டு வருசம் ஓடிப்போட்டு வித்துப்போட்டு வருவம்" என்றார். மூன்று ஏழானது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அங்கே கதைக்க ஆள் இல்லை. அக்கா கர்ப்பமான செய்தி வந்த அன்று அம்மா போனில் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "பேரப்பிள்ளையை நான் போனுக்குள்ளை பாத்து வளக்கேலாது."

அதற்குப் பிறகுதான் கடையை விற்க முயன்றோம். வாங்க ஒருவரும் கிடைத்தார். தமிழ்நாட்டுக்காரர், ரொறன்ரோவில் கம்ப்யூட்டர் வேலை, வயது முப்பத்தைந்து இருக்கும். விலை பேசி முடித்து, ஒப்பந்தத்திலும் ஒரு நிபந்தனையோடு கையெழுத்து வைத்தார். ஊர் கலைந்தால் விலையைத் திரும்பப் பேசவேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவருடைய லோயர் கெட்டிக்காரர்.

ஊர் கலைந்தால் கடைக்கு என்ன என்பதை வாக்கெடுப்புக்கு முன் மாகாணம் தயாரித்த அறிக்கையைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். ஐம்பது பக்கத்துக்கு மேல். கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் போட்டிருந்தார்கள். எங்கள் கடைக்கு உரிய பிரதி மட்டும் ஸ்காபரோவில் டோர்செட் பார்க் என்ற பகுதியில் என் அபார்ட்மெண்ட் தபால்பெட்டிக்கு வந்தது. கடைக்கு எதிரேயிருந்த கிராம அலுவலகத்தில் அச்சடித்த அறிக்கை, மூவாயிரம் கிலோமீற்றர் தாண்டி ஸ்காபரோவுக்கு வந்து, அங்கிருந்து போன் வழியாகத் திரும்பக் கடைக்குப் போனது.

"சட்டப்படி ஊர் எண்டுறது ஒரு ஆள் மாதிரி அப்பா," என்று விளக்கினேன். "கடன் வாங்கும், வரி வாங்கும், வழக்குப் போடும். ரயிலும் கோதுமைக் களஞ்சியமும் இருந்த காலத்திலை சனம் கையெழுத்து வைச்சுக் கேட்டு அந்த ஆளை உண்டாக்கினது. இப்ப சனமே வோட்டுப் போட்டு அந்த ஆளை முடிக்கலாம்."

"அப்ப வீடுகள்?"

"வீடுகள் அப்பிடியே நிக்கும்."

"றோட்டு?"

"அதுவும் நிக்கும்."

"பிறகென்னத்தைக் கலைக்கிறது?"

"மேயர் இல்லை. ஒஃபிஸ் இல்லை. வரி எவ்வளவு எண்டு அங்கை இருக்கிறவை முடிவெடுக்கேலாது. கவுண்டிதான் எடுக்கும்."

"மேயரோ? அவன் என்னட்டைத்தானே சிகரட் வாங்கிறவன். மேயர் இல்லாட்டிலும் வாங்குவான்."

இப்படித்தான் அப்பாவோடு கதை போகும். விடாமல் சொன்னேன். தண்ணீர்க் குழாய் பழசு, மாற்றியே ஆகவேண்டும். கிராமம் கிராமமாக இருந்தால் மாகாணத்திடம் உதவி கேட்டு, வரியைக் கொஞ்சம் கூட்டி, பகுதி பகுதியாகச் செய்யலாம். கலைந்தால் கவுண்டி ஒரேயடியாகச் செய்துவிட்டு, செலவைப் பழைய கிராமத்துக் காணிகளிலிருந்து மட்டும் அறவிடும். அதுவும் றோட்டுப் பக்கத்து அகலத்தை அளந்து. சின்ன வீட்டுக்காரருக்கு அது பெரிய தொகை இல்லை. கவுண்டியின் பொது வரி குறைவு என்பதால் அவர்களுக்கு லாபம்கூட. எங்கள் கடைக்கு முன்னால் பெற்றோல் பம்ப் நிற்கிறது. ஊரிலேயே அகலமான காணி எங்களுடையது.

"அப்ப வேண்டாம் எண்டு போடவேணும்," என்றார் அப்பா.

"ஓம். நீங்களும் அம்மாவும்."

"போட்டாப் போச்சு."

அங்கே வாக்குப் போட மூன்று விஷயம் வேண்டும். பதினெட்டு வயது, குடியுரிமை, அந்தக் கிராமத்தில் குடியிருப்பு. முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதும் இருந்தது, உண்மையில். கடதாசியில் இருக்கவில்லை.

ஏழு வருடத்தில் அப்பா ஒரு கடதாசியிலும் முகவரியை மாற்றவில்லை. ட்ரைவிங் லைசன்ஸ், ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தினுடையது. வங்கிக் கடிதம் டோர்செட் பார்க்குக்கு. கடையின் கரண்ட் பில் கம்பனியின் பெயரில், கணக்காளரின் ஸ்காபரோ முகவரிக்கு. காணி வரி என் தபால்பெட்டிக்கு. அம்மாவுடையதும் அப்படியே. இதை மாற்றச் சொல்லி நான் சொல்லாத வருடம் இல்லை. சட்டப்படியும் பிழை என்று சொன்னேன்.

"அட்ரஸ் அங்கையே கிடக்கட்டும். நாங்கள் திரும்பி வரத்தானே போறம்," என்பார்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் வந்த புதிதில் ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தோம். பிறகு வாடகை குறைவென்று அதே கட்டடத்தின் பதினெட்டாம் மாடிக்கு மாறினோம். அகதி விசாரணைக்கான கடிதம் ஆறாம் மாடிக்குப் போய், அங்கே வந்திருந்த புதுக் குடும்பத்தின் சப்பாத்துப் பெட்டிக்குள் மூன்று கிழமை கிடந்தது. விசாரணை நாள் தவறிப்போனது. அப்பா லோயரின் காலில் விழாத குறையாக நின்று வழக்கைத் திரும்பத் திறக்கவைத்தார். அன்றிலிருந்து முகவரி என்றால் அவருக்குத் தொடக்கூடாத சாமான். நாங்கள் பிறகு டோர்செட் பார்க்குக்கு வந்தபோதும், மாறிய பிறகு ஒரு வருடம் பழைய வீட்டுக்காரரிடம் போய்க் கடிதம் வந்ததா என்று கேட்பார். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இப்படித்தான். ஆள் எங்கேயும் போகலாம், அட்ரஸ் ரொறன்ரோவில் யாராவது சொந்தக்காரன் வீட்டில் இருக்கவேண்டும். ஏதோ ரொறன்ரோவில் பிடித்து வைத்த இடம், எழும்பினால் வேறு ஒருத்தன் இருந்துவிடுவான் என்பது மாதிரி.

இதில் அப்பாவை மட்டும் சொல்லவும் முடியாது. அக்காவின் பிரசவத்துக்கு அம்மா முன்கூட்டியே ரொறன்ரோ வந்துவிட்டார். பிரசவம் முடிந்து முப்பத்தொன்று கழியும்வரை நிற்பார், வாக்கெடுப்பும் அதே நாளில் வருகிறது என்று தெரிந்ததும், அம்மாவுக்குத் தபால் வாக்குக் கேட்டு நான்தான் விண்ணப்பம் போட்டேன். கவனமாக நிரப்பினேன். ஒவ்வொரு பெட்டியும் இரண்டு தரம் பார்த்தேன். அடையாள அட்டையின் பிரதி இணைக்கவேண்டும் என்றிருந்தது. அம்மாவின் ஒன்ராறியோ லைசன்ஸைப் படம் எடுத்து இணைத்தேன். கடிதம் அனுப்பும் முகவரிக்கு என் அபார்ட்மெண்ட் எண்ணை எழுதினேன்.

கம்பஸ் படித்தவன். ஐம்பது பக்க அறிக்கையை அடிக்கோடிட்டுப் படித்தவன்.

கிராமத்துக் கிளார்க் மரியாதையாகத்தான் பதில் போட்டிருந்தார். விண்ணப்பதாரர் ரொறன்ரோவில் வசிப்பதாகத் தெரிகிறது, மன்னிக்கவும் என்று. திரும்ப விண்ணப்பிக்க நாள் இருக்கவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொன்னபோது அம்மா குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தார். "அப்ப என்ரை வோட்டு இல்லை," என்றார். "அவரையாவது போடச் சொல்லு."

அப்பாவின் லைசன்ஸுக்கும் இதே கதிதான் என்று அப்போது விளங்கிவிட்டது. விதிகளைத் திரும்பப் படித்தேன். ஒரு வழி இருந்தது. முகவரி உள்ள அடையாள அட்டை வைத்திருக்கிற வேறொரு வாக்காளர் கூட வந்து, இவர் இந்த ஊரில்தான் குடியிருக்கிறார் என்று கையெழுத்து வைத்தால் போதும். இதைவிட லேசான விஷயம் இருக்க முடியாது. ஊரில் பாதிப் பேருக்கு விடிகிறதே அப்பாவின் கோப்பியில்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெண் ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு வருவாள். கராஜ்காரன் ஏழுக்கு. அப்பா ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

போன் எடுத்துச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். "அந்த பஸ் ஓடுற மனிசியைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அஞ்சு நிமிச வேலை."

"ஓம், ஓம். பாக்கிறன்."

அப்பா ஒரு ஓம் சொன்னால் செய்வார். இரண்டு ஓம் சொன்னால் செய்யமாட்டார். கலியாண வீடுகளுக்கு வரச்சொல்லி ஆட்கள் கேட்கும்போது, டொக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லும்போது, நான் அட்ரஸை மாற்றச் சொல்லும்போது, எல்லாவற்றுக்கும் இரண்டு ஓம். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்றைக்குப் போனை வைத்துவிட்டேன்.

முப்பத்தொன்று அன்று ஐயர் போனபிறகு, சாப்பாட்டுக்கு இருக்க முதல் வீடியோவில் அப்பாவை எடுத்தேன். அங்கே இன்னும் மதியம் ஆகவில்லை. கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றார். ஷேவ் எடுத்து, வெள்ளை ஷேர்ட் போட்டிருந்தார். அந்த ஷேர்ட்டைப் பார்த்ததும் எனக்கு மனம் ஆறியது.

"போனீங்களோ?"

"போனனான்."

"போட்டாச்சோ?"

"பிள்ளையைக் காட்டு."

காட்டினேன். குழந்தையின் கழுத்தில் பஞ்சாயுதமும் கையில் காப்பும் போட்டிருந்தது. அப்பா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். "மூக்கு எங்கடை பக்கம்," என்றார்.

"மூக்கு எங்கடை பக்கம் சம்மந்தி," என்று அத்தானின் அம்மா போனைப் பறித்தார். "நீங்கள் அங்கை ஊரைக் காப்பாத்துங்கோ, மூக்கை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

பிறகு எல்லோரும் கதைத்தார்கள். போன் கைமாறிக் கைமாறிப் போய் என்னிடம் வரும்போது தொடர்பு அறுந்திருந்தது. கடைக்கு ஆள் வந்திருக்கும் என்று நினைத்தேன். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை நினைக்க எனக்கு நேரமிருந்தது. அன்று மாலை முழுக்க நேரமிருந்தது. அங்கே வாக்குச்சாவடி மாலைவரை திறந்திருந்தது. நான் கேசரி சாப்பிட்டேன், அத்தானோடு கதிரைகளை நிலவறைக்குள் இறக்கினேன், அம்மாவை ஏற்றிக்கொண்டு டோர்செட் பார்க்குக்கு வந்தேன்.

அடுத்த நாள் காலை முடிவு கிராமத்தின் இணையப்பக்கத்தில் வந்தது. கலைக்கலாம் என்று முப்பத்தொரு வாக்கு. வேண்டாம் என்று முப்பது.

வேலைக்குப் போக எழும்பியவன் குசினிக்குள் நின்று அதைப் பார்த்தேன். ஒரு வாக்கால் தோற்றதென்றால், அப்பா போட்டும் தோற்றிருக்கிறோம் என்றுதான் முதலில் விளங்கியது. அம்மாவின் வாக்கு இருந்திருந்தால் சமன். அந்த லைசன்ஸைப் படமெடுத்து இணைத்த என் கையை வெட்டவேண்டும் போல இருந்தது. அப்பாவை அழைத்தேன்.

"ஒரு வோட்டாலை தோத்துப்போனம் அப்பா. அம்மாவின்ரை என்னாலைதான் போனது."

அந்தப் பக்கம் கோப்பி மெஷின் சீறியது.

"ரெண்டு வோட்டு," என்றார்.

"என்ன?"

"நான் போடேல்லை."

அவர் சொன்னது இதுதான். காலையில் ஷேவ் எடுத்து, ஷேர்ட் மாற்றி, கடைக் கதவில் பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று அட்டை தொங்கவிட்டு, றோட்டைக் கடந்து மண்டபத்துக்குப் போயிருக்கிறார். மேசையில் இருந்தது ஒரு கிழவி. ஒருநாள் விட்டு ஒருநாள் அப்பாவிடம் பால் வாங்குகிறவள். லைசன்ஸைக் கேட்டாள். கொடுத்தார். பார்த்துவிட்டு, இது ரொறன்ரோ என்கிறதே என்றாள். அப்பா ஓம் என்றார். யாராவது உங்களுக்காகக் கையெழுத்து வைக்கலாம் என்று அவளே சொன்னாள். அப்பாவுக்குப் பின்னால், மேசையில் கதைத்தது காதில் விழாத தூரத்தில், வரிசையில் நின்றது பஸ் ஓட்டுகிற பெண். அப்பா லைசன்ஸை வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பிவிட்டார்.

"பின்னுக்குத்தானே நிண்டவள்! திரும்பிக் கேட்டிருக்கலாமே!"

"என்னெண்டு கேக்கிறது?"

"வாயாலைதான் கேக்கிறது அப்பா!"

"ஏழு வருசமா அந்தக் கிழவிக்குப் பால் விக்கிறன். அவளுக்கு எந்தப் பால் எண்டு எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைத் தெரியாதோ? இன்னொருத்தரைப் பிடிச்சுக்கொண்டு வந்து, இவன் இவன்தான் எண்டு சொல்ல வைக்கவோ? அதை ஒருக்கால் செய்தனான். அதுவே காணும்."

எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் அகதி வழக்கில் அப்பாவிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. ஊரில் அவரைத் தெரிந்த ஒருவர் லோயர் முன்னால் வந்து சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். அப்படி ஒருவர் இருந்தார், தூரத்துச் சொந்தம். அவர் அப்பாவை மூன்று சனிக்கிழமை தன் வீட்டு வாசலில் காக்கவைத்துத்தான் வந்தார். அதற்குப் பிறகு எந்தக் கொண்டாட்டத்தில் கண்டாலும், "நான் சொல்லித்தான் இவன் இவன் எண்டு கவர்மெண்ட் நம்பினது" என்று அப்பாவின் தோளில் தட்டிச் சொல்வார். ஆட்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். இருபது பேருக்கு முன்னால் நின்று சிரித்ததைச் சின்ன வயதில் நானே கண்டிருக்கிறேன்.

அதனால் விளங்காமல் இல்லை. விளங்கியதுதான் இன்னும் கோபத்தைக் கூட்டியது. விளங்காத ஒருவரோடு சண்டை பிடிக்கலாம்.

"அப்ப நேற்று ஏன் சொல்லேல்லை? பின்னேரம் மட்டும் திறந்திருந்ததே. அந்த மனிசிக்கு நானே போன் பண்ணிக் கேட்டிருப்பன்."

"பிள்ளையின்ரை முப்பத்தொண்டிலை உதைக் கதைக்கிறதோ?"

"அவள் ஒண்டும் சொல்லேல்லையோ? பின்னுக்கு நிண்டவள்?"

"பிறகு கோப்பிக்கு வந்தவள். கடைக்காகத்தான் வேண்டாம் எண்டு போட்டனான் எண்டு சொன்னவள்." அப்பாவின் குரல் இறங்கியது. "நீ போட்டியோ எண்டும் கேட்டவள்."

"என்ன சொன்னீங்கள்?"

"ஓம், ஓம் எண்டனான்."

அம்மா அறையிலிருந்து வந்து எவ்வளவு நேரம் என் பின்னால் நின்றாரோ தெரியாது. போனை வாங்கினார். அம்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை, அன்றும் போடவில்லை.

"இஞ்சேருங்கோ. அந்த மேல்மாடிக் குளிருக்கை நான் ஏழு வருசம் இருந்தனான். உங்களுக்கு அஞ்சு நிமிசம் வெக்கப்பட ஏலாமப் போச்சு."

போனை என் கையில் தந்துவிட்டுப் போய்க் கேத்தலை வைத்தார். அப்பா அந்தப் பக்கத்தில் இருந்தார். நான் இந்தப் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. திரும்ப எண்ணச் சொல்லிக் கிராம அலுவலகத்துக்கு எழுதினேன். எண்ணினார்கள், முப்பத்தொன்றும் முப்பதும்தான். மாகாண அமைச்சுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஏழு வருடம் ஒரு ஊரில் வரி கட்டி, அந்த ஊருக்கே கோப்பி ஊற்றிக் கொடுத்த ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லையா என்று கேட்டிருந்தேன். எழுதும்போது அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. கடிதத்தின் மேல் மூலையில் அனுப்புநர் முகவரி எழுத வந்தபோது கை நின்றது. எந்த முகவரியை எழுதுவது? டோர்செட் பார்க் என்று எழுதி அனுப்பினேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

கிராமக் கவுன்சிலின் கடைசிக் கூட்டத்துக்கு அப்பா போகவில்லை. அலுவலகத்துக் கதிரைகளை ஆளுக்கொன்றாக எடுத்துப்போகச் சொன்னார்களாம். மேயர் தன் கதிரையைக் கொண்டுவந்து எங்கள் கடை வாசலில் வைத்துவிட்டு, இனி இதிலிருந்துதான் கோப்பி குடிப்பேன் என்றாராம். அப்பா அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் எந்தப் பக்கம் போட்டார் என்று அப்பா கடைசிவரை கேட்கவேயில்லை.

கடை வாங்க இருந்தவரை நான் ஸ்காபரோவில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தேன். நல்ல மனிதர். எனக்கும் சேர்த்து அவரே வாங்கி வைத்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க ப்ரோ," என்றார். "கடை எனக்குப் புடிச்சிருக்கு. அப்பாவையும் புடிச்சிருக்கு. ஆனா தண்ணிக் குழாய்க்கு கவுண்டி எவ்வளவு போடுவான்னு யாருக்கும் தெரியல. எங்க லாயர் வேற மாதிரி பேசுறார்."

"எவ்வளவு குறைக்கப் போறீங்கள்?"

அவர் நாப்கினில் எழுதி என் பக்கம் தள்ளினார். நான் வாதாடினேன். அறிக்கையின் பக்க எண்களைச் சொன்னேன். ஐம்பது பக்கமும் மனப்பாடம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க இவ்வளவு தெளிவா பேசுறீங்க," என்றார் கடைசியில். "ஒண்ணு கேக்கலாமா? அப்பா அம்மா ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டாங்கல்ல?"

நான் கோப்பியைக் குடித்தேன். அப்பாவைப் போல இரண்டு ஓம் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "இல்லை," என்றேன். அவர் நாப்கினில் இருந்த தொகையை மாற்றவில்லை.

கடையை அந்த விலைக்கே விற்றுவிட்டு, அப்பாவும் அம்மாவும் அடுத்த வசந்தத்தில் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டார்கள். ஸ்ரௌவ்வில்லில் அக்கா வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு வாங்குவது என்று இருந்த திட்டம், முற்பணம் போதாமல் என் அபார்ட்மெண்டின் இரண்டாவது அறை என்று முடிந்தது. அம்மா அக்கா வீட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய், கடைசியில் அத்தான் வந்து ஏற்றும்வரை றோட்டுக் கரையில் நிற்கிறார். முழங்கால் வருத்தம் அப்படியே இருக்கிறது. குழந்தை அம்மாவைக் கண்டால் கையை நீட்டுகிறாள் என்பது ஒன்றுதான் நாங்கள் நினைத்த மாதிரி நடந்தது.

வந்த கிழமையே அப்பாவை லைசன்ஸ் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தேன். பிறகுதான் நினைவு வந்தது, மாற்ற ஒன்றும் இல்லை. லைசன்ஸ் டோர்செட் பார்க். வங்கி டோர்செட் பார்க். கடதாசிப்படி அப்பாவும் அம்மாவும் ஒரு இடத்துக்கும் போகவும் இல்லை, ஒரு இடத்திலிருந்து வரவும் இல்லை.

"பாத்தியோ," என்றார் அப்பா. "அட்ரஸை மாத்தியிருந்தா இப்ப எவ்வளவு அலைச்சல்."

பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் எடுத்த விடுப்பை வேண்டாமென்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

கோடையில் கவுண்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடையைக் கைமாற்ற முதல் எங்கள் பெயரில் இருந்த மாதங்களுக்கான தண்ணீர்க் குழாய் அறவீடு. கிராமம் இல்லை, கிராம அலுவலகம் இல்லை, பால் வாங்குகிற கிழவி இருந்த அந்த மேசையும் இல்லை. இருந்தும் கடிதம் சரியான முகவரிக்கு வந்திருந்தது. அப்பா அதைத் திறக்காமல் குளிர்சாதனப்பெட்டிக்கு மேலே வைத்திருந்தார்.

திறந்து பார்த்தேன். நாலாயிரத்து அறுநூறு. நாப்கினில் எழுதிக் குறைத்தது முப்பத்தெண்ணாயிரம். எல்லாமாக நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு டொலர்.